எஞ்சிய நிலத்திலிருந்து இணைப்புப் பாதைக்கு: சிங்கப்பூரின் பசுமை வழிகளும் மிதிவண்டிப் பயணமும் (1967–2021)

ஆய்வுச் சுருக்கம்

சிங்கப்பூரில் பூங்காக்களை ஒன்றோடொன்று இணைக்கும் பசுமை வழிகள் 1990களில் உருவாகத் தொடங்கி, 2015ஆம் ஆண்டில் 300 கிலோமீட்டர் நீளத்தை எட்டின. நிலப்பற்றாக்குறை மிகுந்த ஒரு தீவில் இவ்விரிவாக்கம் எவ்வாறு இயன்றது என்பதையும், அது மிதிவண்டியோட்டிகளுக்கு எத்தகைய இடத்தை வழங்கியது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது. கால்வாய்க் கரைகள், சாலையோர ஒதுக்கு நிலங்கள், கைவிடப்பட்ட இருப்புப்பாதை ஆகிய ‘எஞ்சிய நிலங்களே’ இவ்வலைப்பின்னலுக்கு அடித்தளமாயின. அவ்வடித்தளம் விரிவாக்கத்தை எளிதாக்கிய அதே வேளையில், மிதிவண்டியைப் போக்குவரத்துக்குரிய ஊர்தியாகக் கருதாமல் பொழுதுபோக்குக் கருவியாகக் கருதும் போக்கையும் நிலைநிறுத்தியது என்பது இக்கட்டுரையின் வாதம்.

திறவுச் சொற்கள்: சிங்கப்பூர், பசுமை வழி, பூங்கா இணைப்புப் பாதை, மிதிவண்டி, ரயில் வழித்தடம், நகரத் திட்டமிடல் வரலாறு.

முன்னுரை

நகரங்களின் வரலாற்றைச் சாலைகள், கட்டடங்கள், சந்தைகள் ஆகியவற்றின் வழியாக எழுதுவது பெருவழக்கு. நகரினூடே செல்லும் நடைவழிகளும் மிதிவண்டிப் பாதைகளும் வரலாற்றாய்வில் பெற்றுள்ள இடம் ஒப்பீட்டளவில் சிறியது. ‘பசுமை வழி’ என்ற கருத்தாக்கம் அமெரிக்க நாட்டில் 1980களின் இறுதியில் பரவலாகப் பேசப்பட்டது. சார்லஸ் லிட்டில் 1990இல் வெளியிட்ட நூல் அதனைத் திட்டமிடல் துறையின் பொதுச் சொல்லாக நிலைபெறச் செய்தது. ஆற்றங்கரை, மலைமுகடு, கைவிடப்பட்ட இருப்புப்பாதை போன்ற நீள்வடிவ நிலங்களை மக்கள் நடக்கவும் மிதிவண்டி ஓட்டவும் ஏற்றவாறு திறந்துவிடுவதே இதன் சாரம். நிலம் தாராளமாக உள்ள நாடுகளில் தோன்றிய இக்கருத்து, நிலத்தின் ஒவ்வொரு துண்டுக்கும் பயன் வரையறுக்கப்பட்டுள்ள சிங்கப்பூரில் செயற்பட்ட விதம் தனித்து ஆராயத்தக்கது.

தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்றாக விளங்கும் நாடு சிங்கப்பூர். அந்நாட்டைப் பற்றிய தமிழ் ஆய்வுகள் பெரும்பாலும் இலக்கியம், கல்வி, இதழியல், கோயில்கள் ஆகியவற்றை மையமிட்டு அமைந்துள்ளன. அங்குள்ள நகரவெளியின் வரலாறு தமிழர் உழைப்போடும் வழிபாட்டோடும் தொடர்புடையது என்பதால், அதனைத் தமிழில் ஆராய்வதற்குத் தனித்த தேவை உள்ளது.

தோட்ட நகரமும் மிதிவண்டியின் பின்னடைவும்

பிரதமர் லீ குவான் இயூ 1963ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் ஃபேரர் சர்க்கஸில் மரக்கன்று ஒன்றை நட்டு மரம் நடும் இயக்கத்தைத் தொடங்கிவைத்தார். 1967ஆம் ஆண்டு மே மாதத்தில் ‘தோட்ட நகரம்’ என்னும் கொள்கை அறிவிக்கப்பட்டது. 1973இல் தோட்ட நகரச் செயற்குழு அமைக்கப்பட்டது. 1975இல் பூங்காக்கள், மரங்கள் தொடர்பான சட்டம் நிறைவேறியது. தொடக்கக் காலப் பசுமையாக்கம் பெரிதும் சாலையோர மரங்களையே சார்ந்திருந்தது. சாலையில் பயணம் செய்வோரின் கண்ணுக்கு நிழலும் அழகும் தருவது அதன் நோக்கம். பசுமையினூடே பயணம் செய்வதற்கான வழியை அமைப்பது அப்போது கொள்கையின் பகுதியாக இடம்பெறவில்லை.

இதே காலக்கட்டத்தில் மிதிவண்டி சாலையிலிருந்து மெல்ல விலகியது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை தொழிலாளர், சிறு வணிகர், மாணவர் ஆகியோரின் அன்றாட ஊர்தியாக இருந்த மிதிவண்டி, மோட்டார் வாகனங்களின் பெருக்கத்தாலும் விரைவுச்சாலைகளின் வருகையாலும் ஓரத்திற்குத் தள்ளப்பட்டது. விரைவுச்சாலைகளில் மிதிவண்டிக்கு அனுமதி இல்லை. 1960இல் தொடங்கப்பட்ட வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் மக்களைப் புதிய நகரங்களில் குடியமர்த்தியதால், வீட்டிற்கும் பணியிடத்திற்கும் இடையிலான தொலைவும் கூடியது.

சிங்கப்பூர் அரசு கார் பயன்பாட்டைக் கட்டுப்படுத்துவதில் உலகுக்கே முன்னோடியாக விளங்கியது. 1975இல் நகர மையத்திற்குள் நுழையும் வாகனங்களுக்குக் கட்டணம் விதிக்கப்பட்டது. 1990இல் வாகன எண்ணிக்கைக்கு ஒதுக்கீட்டு முறை வந்தது. 1998இல் மின்னியல் சாலைக் கட்டணம் நடைமுறைக்கு வந்தது. காருக்கு மாற்றாக முன்வைக்கப்பட்டவை பேருந்தும் 1987இல் ஓடத் தொடங்கிய பெருவிரைவு ரயிலுமே ஆகும். காரைக் கட்டுப்படுத்திய கொள்கை மிதிவண்டிக்குச் சாலையில் இடம் ஒதுக்கவில்லை. பின்னாளில் பசுமை வழிகள் தோன்றியபோது மிதிவண்டி சாலையில் இடம்பெறாமல் பூங்காவில் இடம்பெற்றதற்கான காரணத்தை இவ்விடத்தில் தேட வேண்டும்.

வடிகால் ஒதுக்கு நிலமும் பூங்கா இணைப்புப் பாதையும்

நகர மறுசீரமைப்பு ஆணையம் 1991இல் வெளியிட்ட கருத்துத் திட்டம், 40 இலட்சம் மக்கள்தொகையைக் கருத்தில் கொண்டு தீவின் எதிர்கால நிலப்பயன்பாட்டை வகுத்தது. பசுமைவெளிகளையும் நீர்நிலைகளையும் ஒருங்கே நோக்கும் ‘பசுமை–நீலத் திட்டம்’ அதன் ஒரு கூறு. பூங்காக்களை இணைக்கும் பாதைகள் என்னும் கருத்துக்கு அதே ஆண்டில் தோட்ட நகரச் செயற்குழு இசைவளித்தது. முன்னோடிப் பாதை காலாங் ஆற்றையொட்டி அமைந்தது. 1990களின் நடுப்பகுதிக்குள் அது மக்கள் பயன்பாட்டுக்கு வந்தது.

இத்திட்டம் தோன்றியதற்கு நிலம் சார்ந்த ஓர் இக்கட்டு பின்னணியாக உள்ளது. ஆயிரம் பேருக்கு 0.8 ஹெக்டேர் பூங்கா நிலம் என்பது திட்டமிடலில் கொள்ளப்பட்ட அளவுகோல். மக்கள்தொகை பெருகப் பெருக, வீடு, தொழில், சாலை, படைத்துறை ஆகிய தேவைகளோடு போட்டியிட்டுப் புதிய பெரும்பூங்காக்களுக்கு நிலம் பெறுவது அரிதாயிற்று. சாலைகள் நாட்டின் நிலப்பரப்பில் சுமார் 12 விழுக்காட்டையும் வீடுகள் சுமார் 14 விழுக்காட்டையும் கொள்கின்றன என்று நிலப் போக்குவரத்து ஆணையத்தின் பெருந்திட்டம் குறிப்பிடுவது இந்நெருக்கடியின் அளவை உணர்த்தும். புதிய பூங்காவிற்கு இடமில்லாதபோது, இருக்கும் பூங்காக்களை எட்டுவதற்கான வழியை எளிதாக்குவது மாற்றுத் தீர்வாக அமைந்தது.

அவ்வழிக்கான நிலம் கால்வாய்க் கரைகளில் கிடைத்தது. 1970களிலும் 1980களிலும் வெள்ளத்தைத் தடுக்கும் பொருட்டு ஆறுகளும் ஓடைகளும் கான்கிரீட் கால்வாய்களாக மாற்றப்பட்டன. அவற்றைப் பராமரிக்கும் ஊர்திகள் செல்வதற்காக இருகரையிலும் ஒதுக்கு நிலம் விடப்பட்டிருந்தது. அந்நிலம் அரசுக்கு உரியது. எனவே அதனைக் கையகப்படுத்த வேண்டிய தேவையோ இழப்பீட்டுச் செலவோ இல்லை. அதில் கட்டடம் எழுப்ப இயலாது என்பதால் பிற துறைகளின் போட்டியும் குறைவு. குடியிருப்புகளுக்கு இடையே நீண்டு செல்வதால் மக்கள் எளிதில் சென்றடையக்கூடியது. தேசியப் பூங்காக் கழகத்தின் தலைமை நிர்வாக அதிகாரியாகப் பொறுப்பு வகித்த டான் வீ கியாட், சிங்கப்பூரின் பசுமை வழி வலைப்பின்னல் குறித்து 2006இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில், வடிகாலோர நிலங்களின் இத்தகைய பயன்பாட்டை விரிவாக விளக்கியுள்ளார். சாலையோர ஒதுக்கு நிலங்களும் கடற்கரையோர நிலங்களும் இதனோடு சேர்க்கப்பட்டன.

ஒரு பாதையின் குறைந்தபட்ச அகலம் 6 மீட்டர் என வகுக்கப்பட்டது. அதில் 4 மீட்டர் நடப்போரும் மிதிவண்டியோட்டிகளும் பகிர்ந்துகொள்ளும் தடம். 2 மீட்டர் மரங்களுக்கான நிலம். ஒரே தடத்தில் முதியோரின் நடை, குழந்தைகளின் விளையாட்டு, ஓட்டப்பயிற்சி, மிதிவண்டிப் பயணம் ஆகிய அனைத்தும் நிகழும் என்ற எதிர்பார்ப்பு இவ்வளவீட்டில் பொதிந்துள்ளது. மிதிவண்டி மெதுவாகச் செல்லும், ஓய்வுநேரத்திலேயே செல்லும் என்னும் கருதுகோளும் அதில் அடங்கியுள்ளது. இக்கருதுகோள் இரு பத்தாண்டுகளுக்குப் பின் கேள்விக்குள்ளானது.

வட்டப் பாதைகளும் விரிவாக்கமும்

தனித்தனிப் பாதைகளை இணைத்து வட்டங்களாக்கும் பணி 2000களில் முனைப்புப் பெற்றது. 2007இல் திறக்கப்பட்ட கிழக்குக் கடலோர வட்டம் 42 கிலோமீட்டர் நீளமுடையது. அது ஈஸ்ட் கோஸ்ட், சாங்கி, பாசிர் ரிஸ், தெம்பனிஸ், பிடோக் ஆகிய வட்டாரங்களை ஒரு கோவையாக இணைத்தது. தொடர்ந்து மேற்கு, வடக்கு, வடகிழக்கு வட்டாரங்களிலும் இத்தகைய வட்டங்கள் உருவாயின. 2015இல் உலு செம்பவாங் பாதை திறக்கப்பட்டபோது வலைப்பின்னலின் மொத்த நீளம் 300 கிலோமீட்டரை எட்டியது. 2019இல் ஜூரோங்கையும் கோனி தீவையும் இணைக்கும் 36 கிலோமீட்டர் ‘கரை முதல் கரை’ வழி திறக்கப்பட்டது. தீவைச் சுற்றிவரும் 150 கிலோமீட்டர் பாதையின் முதற்பாதியாகிய 75 கிலோமீட்டர் 2021இல் நிறைவுற்றது.

‘வட்டம்’ என்ற வடிவம் கூர்ந்து நோக்கத்தக்கது. புறப்பட்ட இடத்திற்கே திரும்பி வருவது உலாவின் இயல்பு. வீட்டிலிருந்து பணியிடத்திற்கோ சந்தைக்கோ செல்பவருக்குத் தேவைப்படுவது நேர்வழி. ஆற்றங்கரை வளைந்து செல்லும் இடமெல்லாம் பாதையும் வளைந்தது. கால்வாய் முடியும் இடத்தில் பாதையும் முடிந்தது. விரைவுச்சாலையோ பெருஞ்சாலையோ குறுக்கிடும் இடங்களில் மிதிவண்டியை விட்டிறங்கித் தள்ளிச் செல்ல வேண்டியிருந்தது. வார இறுதியில் உலா வருவோருக்கு இது சிறு இடையூறு. நாள்தோறும் இருமுறை அவ்வழியே செல்வோருக்கு அவ்வழியையே கைவிடச் செய்யும் தடை. வலைப்பின்னலின் வளர்ச்சியைக் கிலோமீட்டர் கணக்கில் மட்டும் அளவிடும்போது இவ்வேறுபாடு புலப்படுவதில்லை.

நிலத்தின் தன்மையே மாறிய ஓர் எடுத்துக்காட்டும் இக்காலத்தில் உண்டு. 2006இல் தொடங்கப்பட்ட நீர்நிலை மேம்பாட்டுத் திட்டத்தின்கீழ், பீஷான்–அங் மோ கியோ பூங்காவை ஒட்டி ஓடிய 2.7 கிலோமீட்டர் கான்கிரீட் கால்வாய், வளைந்தோடும் 3.2 கிலோமீட்டர் இயற்கை ஆறாக 2012இல் மீட்டுருவாக்கப்பட்டது. காலாங் ஆற்றின் இப்பகுதியில் கால்வாயின் ஓரமாகக் கருதப்பட்ட நிலம் ஆற்றோடு ஒன்றிய பூங்காவாயிற்று. எஞ்சிய நிலம் மையநிலமாக உயர்ந்தமைக்கு இது சான்றாகும்.

இருப்புப்பாதை பசுமை வழியான வரலாறு

கால்வாய்க் கரைகள் அரசின் கையில் இருந்த நிலங்கள். ரயில் வழித்தடத்தின் வரலாறு அதனினும் வேறுபட்டது. சிங்கப்பூரின் முதல் இருப்புப்பாதை 1903இல் திறக்கப்பட்டது. 1918இல் அது ஐக்கிய மலாய் மாநிலங்களின் அரசுக்கு மாற்றப்பட்டது. 1932இல் தடம் மாற்றியமைக்கப்பட்டு, தஞ்சோங் பகார் நிலையம் திறக்கப்பட்டது. 1965இல் சிங்கப்பூர் தனிநாடான பின்னும் தீவின் வடமுனையிலிருந்து நகர மையம் வரை நீண்ட இந்நிலம் மலாயா ரயில்வேயின் வசமே இருந்தது. 1990ஆம் ஆண்டு நவம்பரில் இருநாடுகளும் உடன்பாடு கண்டபோதும், அதனை நடைமுறைப்படுத்துவதில் கருத்து வேறுபாடு நீடித்தது. 2010ஆம் ஆண்டு மே மாதத்தில் இருநாட்டுப் பிரதமர்கள் கண்ட இணக்கத்தின்படி, 2011ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள் இரவு கடைசி ரயில் தஞ்சோங் பகாரிலிருந்து புறப்பட்டது. ஜொகூர் சுல்தான் அதனை ஓட்டிச் சென்றார். மறுநாள் நிலம் சிங்கப்பூரிடம் வந்தது.

நெடுங்காலமாக வேறு பயன்பாட்டுக்கு உட்படாமல் இருந்ததால், தடத்தின் இருமருங்கும் மரங்களும் புதர்களும் அடர்ந்திருந்தன. சிங்கப்பூர் இயற்கைச் சங்கம் 2010இல் முன்வைத்த பரிந்துரை, இந்நிலத்தைத் துண்டாக்காமல் தொடர்ச்சியான பசுமை வழியாகக் காக்க வேண்டும் என்று வலியுறுத்தியது. குடிமக்கள், கட்டடக் கலைஞர், வரலாற்று ஆர்வலர் எனப் பலதரப்பினரும் இக்கோரிக்கையை ஆதரித்தனர். நிலத்தின் தொடர்ச்சியைக் காக்க அரசு இசைந்தது. தஞ்சோங் பகார் நிலையம் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது. புக்கிட் தீமா நிலையமும் அப்பகுதியின் இரும்புப் பாலங்களும் பாதுகாக்கப்பட்டன. 2015இல் நடத்தப்பட்ட வடிவமைப்புத் தேர்வில் நிக்கென் செக்கெய், தியெரா டிசைன் ஆகிய நிறுவனங்களின் கூட்டுத் திட்டம் தேர்ந்தெடுக்கப்பட்டது. 24 கிலோமீட்டர் நீளமுள்ள இவ்வழியின் மையப்பகுதி 2021இல் திறக்கப்பட்டது.

இத்தடத்தில் தமிழர் வரலாற்றின் சுவடும் உண்டு. குவீன்ஸ்டவுன் பகுதியிலுள்ள ஸ்ரீ முனீஸ்வரன் கோயில், 1930களில் ரயில்வே தொழிலாளர்கள் இருப்புப்பாதையோரம் எழுப்பிய சிறு வழிபாட்டிடத்திலிருந்து வளர்ந்தது. பின்னர் இடம் மாறிய இக்கோயில் இன்று காமன்வெல்த் டிரைவில் அமைந்துள்ளது. தண்டவாளங்கள் அகற்றப்பட்ட பின், அங்கு உழைத்தோரின் நினைவைச் சுமக்கும் சான்றுகளுள் ஒன்றாக அக்கோயில் விளங்குகிறது. நிலையங்களும் பாலங்களும் மரபுச்சின்னங்களாகப் போற்றப்படும்போது, தடத்தைப் பராமரித்த தொழிலாளரின் வாழ்வும் வழித்தடத்தின் வரலாற்றில் சேர்க்கப்பட வேண்டியதாகும்.

ரயில் வழித்தடம் மிதிவண்டியோட்டிகளுக்கு வடக்கையும் தெற்கையும் இணைக்கும் நேர்வழியை வழங்கியது. கால்வாய்க் கரைகள் தராத வாய்ப்பு இது. ஆயினும் மழைநீர் மண்ணில் இறங்க வேண்டும், காட்டுயிர்களின் நடமாட்டம் தடைபடக்கூடாது என்னும் நோக்கங்களும் இவ்வழிக்கு உண்டு. அகலமான தார்த்தடமும் ஒளிமிக்க விளக்குகளும் விரைந்த பயணத்திற்கு உதவும். காட்டின் இயல்பை அவை குலைக்கும். எனவே பசுமை வழிக்குள்ளேயே ‘பசுமை’, ‘வழி’ ஆகிய இரண்டிற்கும் இடையே ஓர் இழுபறி நிலவுவதை இங்குக் காண முடிகிறது.

பகிர்வும் முரணும்

2010இல் தெம்பனிஸ், நடைபாதையில் மிதிவண்டி ஓட்டச் சட்டப்படி அனுமதித்த முதல் நகரமாயிற்று. 2017இல் நிறைவேறிய துடிப்பான பயணச் சட்டம் நாடு முழுமைக்கும் விதிகளை வகுத்தது. பகிர்வுப் பாதைகளிலும் பூங்கா இணைப்புப் பாதைகளிலும் மணிக்கு 25 கிலோமீட்டர் வேகம் அனுமதிக்கப்பட்டது. நடைபாதைகளில் 15 கிலோமீட்டராக இருந்த வரம்பு 2019ஆம் ஆண்டு பிப்ரவரியில் 10 கிலோமீட்டராகக் குறைக்கப்பட்டது.

மின்ஸ்கூட்டர்களின் பெருக்கம் இம்முரணைக் கூர்மையாக்கியது. 2019ஆம் ஆண்டு செப்டம்பரில் பிடோக் வட்டாரத்தில் மிதிவண்டியில் சென்ற மூதாட்டி ஒருவர், மின்ஸ்கூட்டருடன் மோதிய விபத்துக்குப் பின் உயிரிழந்தார். இந்நிகழ்வு பரவலான விவாதத்தை எழுப்பியது. அவ்வாண்டு நவம்பர் 5ஆம் நாள் முதல் நடைபாதைகளில் மின்ஸ்கூட்டர் தடைசெய்யப்பட்டது. மிதிவண்டிப் பாதைகளிலும் பூங்கா இணைப்புப் பாதைகளிலும் மட்டும் அதற்கு அனுமதி தொடர்ந்தது. அதனால் வாழ்வாதாரம் பாதிக்கப்பட்ட உணவு விநியோக ஊழியர்கள் மிதிவண்டி போன்ற வேறு ஊர்திகளுக்கு மாற 70 இலட்சம் வெள்ளி உதவித்திட்டம் அறிவிக்கப்பட்டது.

இந்நிகழ்வுகள் பசுமை வழியின் சமூகப் பொருளை மாற்றின. பூங்காவாகத் திட்டமிடப்பட்ட பாதை, ஒரு பகுதித் தொழிலாளருக்குப் பணிக்களமாகவும் ஆகியிருந்தது. உணவு கொண்டுசெல்லும் ஊழியரும் வேலைத்தளத்திற்குச் செல்லும் வெளிநாட்டு ஊழியரும் மிதிவண்டியை ஓய்வுக்காக ஓட்டுவதில்லை. ஒருவர் மெதுவாக நடக்கும் உரிமையும் மற்றொருவர் நேரத்திற்குச் சென்று சேரும் தேவையும் 4 மீட்டர் தடத்தில் மோதின. இம்மோதலைத் தனிமனிதரின் ஒழுக்கக்குறைவாக மட்டும் விளக்குவது போதாது. சாலையில் இடம் ஒதுக்கப்படாத ஓர் ஊர்தி, நடப்போரின் இடத்தைப் பகிர்ந்துகொள்ளுமாறு அமைக்கப்பட்டதன் வரலாற்று விளைவு அது.

இடைவெளிகளை நிரப்புதல்

கொள்கை அளவில் மாற்றம் தென்படாமல் இல்லை. 2017இல் நகர மறுசீரமைப்பு ஆணையம் காலாங் ஆற்றை மையப்படுத்தி முன்வைத்த திட்டத்தில், பீஷானிலிருந்து நகர மையம் வரை 10 கிலோமீட்டர் தடையற்ற வழி ஒன்று இடம்பெற்றது. பான் தீவு விரைவுச்சாலை, சிராங்கூன் சாலை போன்ற பெருஞ்சாலைகள் குறுக்கிடும் இடங்களைப் பாலங்கள், சுரங்கப்பாதைகள் வழியே கடக்கச் செய்வது அதன் நோக்கம். முன்னோடிப் பாதை அமைந்த அதே ஆற்றங்கரையில், ஏறக்குறைய கால் நூற்றாண்டுக்குப் பின், விடுபட்ட இணைப்புகளைப் பற்றிய சிந்தனை எழுந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

2020இல் நிலப் போக்குவரத்து ஆணையம், சுமார் 460 கிலோமீட்டராக இருந்த தீவளாவிய மிதிவண்டி வலைப்பின்னலை 2030க்குள் சுமார் 1,300 கிலோமீட்டராக விரிவாக்கும் இலக்கை அறிவித்தது. பூங்கா இணைப்புப் பாதைகளை 500 கிலோமீட்டராக உயர்த்துவது தேசியப் பூங்காக் கழகத்தின் இலக்கு. போக்குவரத்துத் துறையும் பூங்காத் துறையும் ஒரே வலைப்பின்னலைக் கூட்டாக உருவாக்கும் நிலை, 1991இல் இல்லாத ஒன்று. இதனால் பசுமை வழிகள் குடியிருப்பு நகரங்களின் உட்பாதைகளோடும் ரயில் நிலையங்களோடும் இணையும் வாய்ப்பு உருவாகியுள்ளது.

முடிவுரை

சிங்கப்பூரின் பசுமை வழிகள் பிறர் வேண்டாத நிலத்தில் தொடங்கின. அதுவே அவற்றின் வெற்றிக்குக் காரணம். நிலம் கையகப்படுத்தும் வழக்கோ குடிபெயர்ப்போ பெரிதும் இன்றி, கால் நூற்றாண்டிற்குள் 300 கிலோமீட்டர் பாதை உருவானது. அதுவே அவற்றின் எல்லைக்கும் காரணம். எஞ்சிய நிலம் எங்குச் சென்றதோ அங்கு மட்டுமே பாதை சென்றது. மக்கள் செல்ல வேண்டிய இடம் அதனின்றும் வேறாக இருந்தது. ரயில் வழித்தடத்தில் குடிமக்கள் முன்வைத்த கோரிக்கை, நிலத்தின் நீளத்தைவிட அதன் தொடர்ச்சியே பசுமை வழியின் உயிர் என்பதை உணர்த்தியது.

இனிவரும் விரிவாக்கத்தின் தன்மையைத் தீர்மானிப்பது பாதை கடக்கும் சந்திப்புகளே. கால்வாய்க் கரைகளில் எளிதாகக் கிடைத்த நிலம் ஏறத்தாழப் பயன்படுத்தப்பட்டுவிட்ட நிலையில், அடுத்த கட்டம் சாலையின் பரப்பிலிருந்து இடம் பெறுவதைச் சார்ந்துள்ளது. எஞ்சியதைக் கொடுப்பது நிர்வாகத்திற்கு எளிது. பயன்பாட்டில் இருப்பதைப் பங்கிடுவது அரசியல் முடிவு. பாலங்களிலும் வழித்தடங்களிலும் விநியோக ஊழியர், வெளிநாட்டு ஊழியர், முதியோர் ஆகியோரின் அன்றாடப் பயணத்தைப் பதிவுசெய்யும் வாய்மொழி வரலாற்று ஆய்வுகள் மேற்கொள்ளப்படுமானால், மிதிவண்டி மீண்டும் உழைப்பவரின் ஊர்தியாகியுள்ளதா என்னும் வினாவிற்கு அவற்றினின்று விடை பெறலாம்.